மிக்ஸி ஓடவில்லையா? மோட்டாரைக் குறை சொல்லும் முன் செய்யக் கூடாதவை

காலை ஏழு மணி. தேங்காயும் பொட்டுக்கடலையும் ஜாரில் போட்டாயிற்று. சுவிட்சைத் திருப்பினால் சத்தமே இல்லை. உடனே வீட்டில் ஒரு தீர்ப்பு வரும்: "மோட்டார் போயிடுச்சு." பல சமயம் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கரண்ட் அதுவரை வந்து சேர்ந்திருக்காது, அல்லது மிக்ஸி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றிருக்கும். எது என்று பார்க்காமல் அவசரத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் கடைசியில் நிஜமாகவே மோட்டாரைக் கொன்றுவிடுகின்றன.

ஹாலில் லைட் எரிகிறதே!

வேறு அறையைப் பார்த்து முடிவு கட்டுவது முதல் தவறு. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஹால் ஒரு ஃபேஸிலும் சமையலறை இன்னொரு ஃபேஸிலும் இருக்கலாம். ஒரு ஃபேஸ் மட்டும் போனால் ஹாலில் டிவி ஓடும், சமையலறை செத்துக் கிடக்கும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் குழப்பம் இன்னும் அதிகம். லைட்டும் ஃபேனும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, மிக்ஸி பாயிண்ட் அந்த லைனிலேயே இருக்காது. கரண்ட் போனதே தெரியாமல் மிக்ஸியைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டிலும் ஒரு ஃபேஸ் இல்லையென்றால் அது மின்வாரியத்தின் வேலை. தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987.

அடுத்தது சார்ஜர் சோதனை. "அதே பாயிண்ட்ல போன் சார்ஜ் ஏறுது, அதனால பாயிண்ட் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். 20 வாட் சார்ஜர் இழுப்பது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கு மேல் கேட்கும். பாயிண்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்தோ கருகியோ இருந்தால் சார்ஜருக்குப் போதுமான கரண்ட் போகும், மிக்ஸிக்குப் போகாது. அயர்ன் பாக்ஸைச் செருகிப் பாருங்கள். சாதாரண அயர்ன் பாக்ஸ் 1000 வாட், நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 6 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்க வேண்டும். அயர்ன் பாக்ஸின் சின்ன விளக்கு சூடேறும் முன்பே மினுக்மினுக்கென்று துடித்தாலோ, சுவிட்ச் போர்டில் 'கிர்' என்று சத்தமோ தீய்ந்த வாடையோ வந்தாலோ கோளாறு சுவரில் இருக்கிறது. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். இந்தச் சோதனையைச் சுவரில் உள்ள பாயிண்டில்தான் செய்ய வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நடுவில் நுழைத்தால் சந்தேகப்பட வேண்டிய பொருள் ஒன்று கூடிவிடும்.

டெஸ்டரை நம்புவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. டெஸ்டர் எரிந்தால் ஃபேஸ் வருகிறது என்று மட்டுமே பொருள். கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் பளிச்சென்று எரியும், மிக்ஸி மட்டும் ஓடாது. அந்த லைனில் ஏதாவது ஒரு சாதனம் ஆன் ஆகி இருக்கும்போது பாயிண்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால், நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதற்குமேல் நீங்கள் கை வைக்க வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டால் சில பாயிண்டுகளில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கும். கரண்ட் வந்ததும் சில பல்புகள் வழக்கத்துக்கு மாறாகப் பளீரென்று எரிந்தால், முதலில் மெயின் சுவிட்ச், மற்றதெல்லாம் அப்புறம்.

எம்.சி.பி.யைப் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்சை) பார்க்கும்போதும் ஏமாறலாம். டிரிப் ஆன சிலவற்றின் லிவர் முழுதாகக் கீழே விழாமல் நடுவில் நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஆன் போலவே தெரியும். அதை முழுதும் கீழே தள்ளிவிட்டு மேலே ஏற்ற வேண்டும். ஏற்றியதும் மறுபடி விழுகிறதா, மிக்ஸியைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் விட்டுவிடுங்கள். விழ விழ ஏற்றிக்கொண்டே இருப்பது நல்லதில்லை.

அடியில் இருக்கும் பட்டன்

பிளக்கைக் கழற்றிவிட்டு மிக்ஸியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு பட்டன் தெரியும், பெரும்பாலும் சிவப்பு. ஓவர்லோடு பட்டன். உள்ளே சூடானால் வளையும் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் தகடு சூடேறி வளைந்து, இணைப்பைத் துண்டித்து, பட்டனை வெளியே தள்ளிவிடுகிறது. அதன் பிறகு மேலே சுவிட்சை எத்தனை முறை திருப்பினாலும் பயனில்லை. மிக்ஸி வாங்கிப் பல வருடமாகியும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாத வீடுகள் ஏராளம். புத்தம்புது மிக்ஸியைச் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஒருவர் ஒற்றை விரலால் அமுக்கி ஓடவிட்டுத் தருவதும் சாதாரணமாக நடக்கிறது.

தெரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு. நின்ற கையோடு அமுக்கிவிடுவார்கள். தகடு ஆறாமல் பட்டன் நிற்காது, நின்றாலும் அடுத்த நிமிடமே துள்ளும். ஒரு பத்து நிமிடமாவது விட வேண்டும். இன்னும் மோசமானது, சுவிட்ச் 2-இலோ 3-இலோ இருக்க, பிளக்கும் மாட்டியிருக்க, கையை அடியில் விட்டு பட்டனை அமுக்குவது. பட்டன் உட்கார்ந்த அதே நொடியில் சாய்ந்திருக்கும் மிக்ஸி ஜாரோடு சுழல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஜாரை எடுத்து, சுவிட்சை 0-க்குக் கொண்டுவந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அமுக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, அதே ஜாரை அதே மாவோடு திரும்பவும் மாட்டுகிறோம். பட்டன் ஏன் துள்ளியது என்று யாரும் கேட்பதில்லை. ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பியிருக்கலாம், தண்ணீர் போதாமல் உளுந்து கெட்டியாக இறுகியிருக்கலாம், காய்ந்த மஞ்சளையோ பெரிய பனிக்கட்டியையோ சின்ன மிக்ஸியில் போட்டிருக்கலாம். ஓய்வில்லாமல் ஓட்டினாலும் நிற்கும். '30 நிமிட ரேட்டிங்' என்று போட்டிருப்பதைப் பார்த்து அரை மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் நிறுத்தி, இப்படி ஆறு தடவை என்பதுதான் வழக்கமான கணக்கு.

எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு குற்றவாளி ஜார். அதைக் காலி செய்து கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கறுப்பாகப் பல் வைத்த கப்ளர் இருக்கும். அதை இரண்டு விரலால் பிடித்துத் திருகினால் உள்ளே பிளேடு லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றாமல் கல்லாக நிற்கிறதென்றால், போன தடவை அரைத்த மாவு பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது, அல்லது கழுவித் துடைக்காமல் வைத்த ஈரத்தில் துருப்பிடித்திருக்கிறது. இந்த ஜாரை மாட்டினால் எந்த மிக்ஸியும் உறுமிவிட்டு நிற்கும். அடிப்பக்கம் நனையும்படி கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் வைத்து, கப்ளரைப் பிடித்து மெல்லத் திருகினால் பல ஜார்கள் வழிக்கு வரும். வராவிட்டால் புஷ் மாற்ற வேண்டும். மோட்டார் மாற்றுவதோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியை மட்டும் ஓரிரு நொடி ஓட்டிப் பார்த்தால் குற்றம் ஜாரிலா மோட்டாரிலா என்று தெரிந்துவிடும். ஆனால் ஜார் சரியாகப் பூட்டினால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் மாடல்களும் வந்துவிட்டன. அவற்றில் ஜார் அரை அங்குலம் திரும்பாமல் நின்றாலே மூச்சு விடாது.

தட்டினால் ஓடுகிறது

இது கார்பன் பிரஷ் தேய்ந்த மிக்ஸியின் குணம். முதலில் ஓடாது, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் ஓடும். அரைக்கும்போது அடியில் உள்ள காற்றுத் துளைகள் வழியாக நீலமும் மஞ்சளுமாகப் பொறி தெரியும். கொஞ்சம் பொறி இயல்புதான். வளையமாகச் சுற்றி எரிந்தால் இயல்பில்லை. மோட்டாரின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒவ்வொரு கரித்துண்டு உட்கார்ந்து, சுழலும் ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கிறது. கரி தேய்ந்து குட்டையானதும் தொடுவது நின்றுபோகிறது. தட்டும்போது அது நகர்ந்து மறுபடி தொடுகிறது, அவ்வளவுதான்.

தட்டி ஓட்டிக்கொண்டே மாசக்கணக்கில் காலம் தள்ளுவதில்தான் தவறு. சரியாகத் தொடாத கரி பொறி தள்ளும். பொறி செம்புப் பட்டைகளைப் பள்ளம் பள்ளமாகத் தின்றுவிடும். பிரஷ் மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆர்மேச்சரில் வந்து நிற்கும். மாற்றும்போது இரண்டு பிரஷ்ஷையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்று விட்டால் சீக்கிரமே அதே கதை.

ஒயரைச் சூடான மிக்ஸியைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கமும் இப்படித்தான். பிளக்கின் கழுத்திலும் மிக்ஸிக்குள் நுழையும் இடத்திலும் உள்ளே செம்பு இழை அறும், வெளியே ரப்பர் முழுசாக இருக்கும். ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஓடுகிறது என்றால் ஒயரையே மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது சமையலறை ஈரத்துக்கு ஆகாது.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பளபளவென்று இருக்க வேண்டும் என்று மிக்ஸியின் மேல் குழியில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரே மோட்டாருக்குத்தான் போகும். ஜாரின் அடியில் சட்னி கசிந்தாலும் அதே வழிதான். அதன்பின் பிளக்கை மாட்டினால், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விழும். "அந்தச் சனியன்தான் சும்மா சும்மா விழுது" என்று அது இல்லாத லைனில் மிக்ஸியை மாட்டிவிடுவார்கள். வீடுகளில் பொதுவாக இருப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ரகம். அது விழுவதே கரண்ட் எங்கோ கசிவதால்தான்.

கிரைண்டர் முனகினால்

கிரைண்டரிலும் முதலில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் மேலே சொன்னபடி சுவரிலிருந்து தேடுங்கள். 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கரண்ட் வருகிறது, சுற்றத்தான் பலமில்லை. உடனே அணையுங்கள். நின்றபடி முனகும் மோட்டாரின் 'காயில்' (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) வேகமாகச் சூடாகும். கல்லைக் கையால் தள்ளிவிட்டு ஓடவைப்பது பழைய வித்தை. விரலுக்கும் ஆபத்து, பழுதும் அப்படியே இருக்கும். அதிகம் மாட்டுவது மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் அல்லது லோ வோல்டேஜ். கண்டென்சரை நீங்களாகத் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கலாம்.

பாதி அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சுவிட்சை அணைக்காமல் போய்விடுவது இங்கே எல்லோரும் செய்வது. கரண்ட் திரும்பும்போது கெட்டி மாவில் புதைந்த கல்லோடு மோட்டார் கிளம்ப வேண்டியிருக்கும், அதுவும் குறைந்த வோல்டேஜில். அணைத்து வைத்திருந்து, கரண்ட் நிலையானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆன் செய்யுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னாகச் செருகும் வழக்கம், ஸ்டீல் உடம்பும் சுற்றிலும் ஈரமும் உள்ள கிரைண்டரில் வேண்டவே வேண்டாம். எர்த் அந்தப் பின்னில்தான் இருக்கிறது.

டைரக்ட் பண்ணிடுங்க

கடைக்காரரிடம் நாம் சொல்லும் சொற்களிலேயே ஆபத்தானது இது. மிக்ஸியின் ஓவர்லோடு பட்டன் அடிக்கடி துள்ளினால் "அதை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடுங்க" என்கிறோம். ரைஸ் குக்கரில், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போனால் அதன் இடத்தில் வெறும் ஒயரை வைத்து இணைக்கிறார்கள். சாதனம் அன்றைக்கே ஓடும், அதுதான் சிக்கல். அடுத்த முறை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. மிக்ஸியில் காயில் புகையும், குக்கரில் தீப்பிடிக்கும் வரை போகலாம். குக்கர் விஷயத்தில் பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு பருக்கை கிடந்தாலே பாத்திரம் சரியாக உட்காராது, லிவரும் நிற்காது. அதை முதலில் பாருங்கள். தண்ணீரில்லாமல் ஓடி நின்றுபோன கெட்டிலை ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் தானே உயிர் பெறும்.

மைக்ரோவேவை வீட்டில் திறக்கவே கூடாது. உள்ளே கண்டென்சரில் 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்குத் தங்கலாம். கதவு முழுதாக மூடியிருக்கிறதா, சைல்ட் லாக் விழுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

கடைக்குப் போவது என்று முடிவானால் "மோட்டார் போச்சு" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட சிலர் அப்படியே காயில் கட்டுவதற்கு விலை சொல்லிவிடுவார்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: சத்தம் வந்ததா, வாடை வந்ததா, என்ன அரைத்துக்கொண்டிருந்தீர்கள், பட்டன் துள்ளியிருந்ததா. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள். முக்கியமாக, ஜாரையும் சேர்த்து எடுத்துப் போங்கள். கடையில் அவர்கள் வைத்திருக்கும் நல்ல ஜாரில் உங்கள் மிக்ஸி ஜோராக ஓடும். வீட்டுக்கு வந்து இறுகிப்போன உங்கள் ஜாரை மாட்டினால் பட்டன் மறுபடி துள்ளும்.