கொல்லைக் குளமும் அதன் ஃபில்டரும்: நான் கழுவும் முறை

தொட்டியைப் பளிச்சென்று கழுவியதால்தான் என் மீன்கள் செத்தன. 2017 மாசி மாதம் அது.

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிமெண்டுக் குளம் இருக்கிறது. 10 அடி நீளம், 6 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் இரண்டரை அடி. அப்போது பதினொரு கோய் மீன்கள், கொசுப்புழு தின்பதற்கென்று ஏராளமான கப்பிகள், இரண்டு அல்லிச்செடிகள். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதிது. கையில் நேரம் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தை அடிவரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை நாலு முறை அலசினேன். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சு, வலை, செங்கல் துண்டு எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தேன். தண்ணீரைக்கூட இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் மீன்களை விட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்காம் நாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வாரம் முடிவதற்குள் ஏழு போய்விட்டன.

காரணம் பிறகுதான் புரிந்தது. மீன்களின் செவுளிலிருந்து அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதை அல்லியும் பாசியும் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு வகைப் பாக்டீரியாக்களும் தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஸ்பாஞ்சிலும் செங்கல்லிலும் குளத்துச் சுவரிலும் வழுவழுவென்று ஒட்டியிருக்கிறதே, அதற்குள்தான் அவை குடியிருக்கின்றன. நான் அந்தக் குடித்தனத்தையே காலி செய்துவிட்டேன்.

இதை வீட்டுக்காரியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் துலக்கியபடியே, "உறைக்கு ஒரு கரண்டிகூட வைக்காம பானையைத் தேச்சுக் கவுத்துட்டு, தயிர் தோயலைன்னா எப்படிங்க?" என்றாள். ஃபில்டரைப் பற்றி அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த உறைமோரை எப்படி விட்டுவைப்பது என்பதுதான்.

முதலில் உங்கள் குளம் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். என்னுடையது 150 கன அடி, அதாவது ஏறக்குறைய 4,250 லிட்டர். கால்வாசித் தண்ணீர் மாற்றுவது என்றால் 30 அங்குல ஆழத்தில் ஏழரை அங்குலம் இறங்க வேண்டும். அந்த உயரத்தில் உள்சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

என் ஃபில்டர் 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம்மில் நானே செய்தது. குளத்தில் கிடக்கும் பம்ப் தண்ணீரை டிரம்மின் அடிப்பக்கத்துக்குத் தள்ளும். அடியில் ஓரடிக்குச் சும்மா இடம் விட்டிருக்கிறேன். கனமான அழுக்கு அங்கே படிந்துவிடும். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் வெங்காய மூட்டைச் சாக்குகள், பிறகு கெட்டி ஸ்பாஞ்சு, உச்சியில் நன்றாக வெந்த செங்கல் துண்டுகளும் இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்கிய பிவிசி குழாய்களும். தண்ணீர் இவற்றின் வழியே மேலேறி, மேல் குழாய் வழியாகக் குளத்தில் விழும். டிரம்மின் அடியில் இரண்டு அங்குல வால்வு ஒன்று உண்டு. இதெல்லாம் கடையில் வாங்கிய ஃபில்டருக்கும் பொருந்தும். கீழே அழுக்கைப் பிடிக்கும் பகுதி, மேலே பாக்டீரியா வாழும் பகுதி, பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

எந்த வேலைக்கு முன்பும் பம்ப் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீருக்குள் கையை விடுவது அதற்குப் பிறகுதான். குளத்துக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பம்பை வயரைப் பிடித்துத் தூக்குவதும் தப்பு. கைப்பிடியில் ஒரு நைலான் கயிறு கட்டிவிடுங்கள். கையை விடும் முன் கல்லிடுக்கையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குளத்தில் ஆடியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு குடியிருந்தது. விஷமில்லைதான், ஆனால் கடிக்கத் தயங்காது.

வாரம் ஒரு முறை செய்வது கால்மணி நேர வேலை. பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் டிரம்மில் அழுக்கு படிய விடுவேன். அப்புறம் அடி வால்வைத் திறப்பேன். முதலில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கொட்டும். கொஞ்ச நேரத்தில் வெளுத்த டீ நிறத்துக்கு வரும். அப்போதே மூடிவிடுவேன். தெளிந்த தண்ணீர் வரும்வரை காத்திருந்தால் டிரம்மே காலியாகி, மேலே இருக்கும் செங்கல் காற்றில் நிற்கும். இந்தக் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். எங்கள் வாழை இரண்டும் இதைக் குடித்துத்தான் குலை தள்ளுகின்றன.

மாதம் ஒரு முறை, அல்லது மேல் குழாயில் விழும் தண்ணீர் மெலிந்துபோனால், சாக்கையும் ஸ்பாஞ்சையும் வெளியே எடுப்பேன். இங்கேதான் கவனம் வேண்டும். மாநகராட்சிக் குழாயைத் திறந்து அதன் கீழே பிடிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமியைக் கொல்லத்தான் போட்டது, நம் பாக்டீரியாவை மட்டும் அது விட்டுவைக்காது. குளத்திலிருந்தே இரண்டு வாளி தண்ணீர் மொண்டு வைத்துக்கொள்வேன். முதல் வாளியில் ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கிப் பிழிவேன், இரண்டாவதில் ஒரு முறை முக்கி எடுப்பேன். அவ்வளவுதான். மூன்றாவது வாளிக்குக் கை தானாகப் போகும், நிறுத்துங்கள். ஸ்பாஞ்சு பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். புதிது மாதிரி மஞ்சளாகிவிட்டால் உறைமோரை ஊற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

செங்கல்லையும் குழாய்த் துண்டுகளையும் வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் தொடுவதில்லை. அதிலும் பாதியை ஒரு நாள், மீதிப் பாதியை மூன்று வாரம் கழித்து. குளத்துத் தண்ணீரில் முக்கி ஆட்டினால் போதும், தேய்க்க வேண்டாம். வெளியே இருக்கும் நேரமெல்லாம் நிழலில், குளத்துத் தண்ணீர் நிரப்பிய டப்பில் கிடக்கட்டும். காயவும் கூடாது, மணிக்கணக்கில் ஓட்டமில்லாத் தண்ணீரில் மூச்சுமுட்டவும் கூடாது. பகலில் நெடுநேர மின்வெட்டு என்றாலும் இதே சிக்கல்தான். மின்சாரம் வந்ததும் நேரே பம்பைப் போடாமல், முதலில் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் போடுகிறேன்.

பம்பைக் கழட்டுவது சுலபம். முன்மூடியைத் திருகினால் காந்தத்தோடு கூடிய சின்னக் காற்றாடி வெளியே வரும். அதில் பாசி நூலும் நத்தை ஓடும் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய டூத்பிரஷ் போதும். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதனால் காந்தத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். எலுமிச்சைச்சாறு கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி மாட்டினால் இரைச்சல் அடங்கிவிடும்.

குளத்து அடியைச் சுத்தம் செய்ய எல்லாத் தண்ணீரையும் இறைக்கத் தேவையில்லை. தோட்டத்து டியூபை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, குளத்து அடியைவிடத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுவந்து விரலை எடுங்கள். தானாக இழுக்கும். வாயால் உறிஞ்சிப் பார்த்தவன் நான், வேண்டாம். உள்முனையை அடியில் மெல்ல நகர்த்தி வண்டலை எடுங்கள். கோடு வந்ததும் நிறுத்துங்கள். மாதம் இரண்டு முறை இப்படிச் செய்தாலே பெரிய வேலை பாதி குறையும். கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வண்டல் இருந்தால் கலக்கிவிடாதீர்கள். காற்றில்லாமல் அழுகியதன் அடையாளம் அது, அதிலிருந்து வரும் வாயு மீனைக் கொல்லும். கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளில் எடுங்கள்.

சுவரில் இருக்கும் குட்டைப் பச்சைப் பாசியை விட்டுவிடுகிறேன். நூல் நூலாக நீளும் பாசியை மட்டும் ஒரு குச்சியில் சுற்றி இழுக்கிறேன். தண்ணீரே பச்சையாக இருந்தால் அது கழுவித் தீரும் விஷயம் இல்லை. வெயிலும் தீனியும் அதிகம் என்று பொருள். அல்லி இலை பாதிக் குளத்தை மூடும்படி விட்டு, தீனியைக் குறைத்ததும் எனக்குச் சரியானது. வெங்காயத் தாமரையும் தண்ணீரைத் தெளியவைக்கும்தான், ஆனால் பெருகும் வேகத்துக்கு வாரம் ஒரு கூடை எடுத்தாக வேண்டும். எடுத்ததை எருக்குழியில் போடுங்கள், வாய்க்காலில் வீசாதீர்கள்.

வருஷாந்திரப் பெரிய கழுவலுக்கு நான் வைத்திருக்கும் நேரம் மாசிக் கடைசி. வேம்பு பழைய இலையையெல்லாம் கொட்டி முடித்துத் துளிர் விட்டிருக்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. கத்திரியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு நிற்பது 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும்.

ஃபில்டரைத் தொட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கழுவினால் என் 2017 கதைதான். முதல் நாளே தீனியை நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பியுங்கள்; விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு, அப்போது மீனைத் துரத்தக் கூடாது. தெளிந்திருக்கும் மேல் தண்ணீரைப் பெரிய டப்புகளில் பிடித்து நிழலில் வைத்து, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றைப் போடுங்கள். குளத்தில் ஓரடித் தண்ணீர் மிஞ்சும்போது மீனை மெத்தென்ற வலையால் ஓரம் கட்டி, தண்ணீருக்குள்ளேயே வாளியில் ஏற்றுங்கள். மேலே பழைய வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். கோய் துள்ளிக் குதிக்கும். ஒன்றை வாழையடியிலிருந்து பொறுக்கியிருக்கிறேன்.

பிறகு வண்டலை அள்ளுங்கள், தென்னந்துடைப்பத்தால் அடியை மட்டும் தேயுங்கள். பிளீச்சிங், ஆசிட், பினாயில் எதுவும் வேண்டாம். தவளைக் குஞ்சுகள் கண்ணில் பட்டால் மீனோடு சேர்த்து எடுத்து வையுங்கள். நிரப்பும்போது டப்புகளில் இருக்கும் பழைய தண்ணீரோடு புதியதும் சேரட்டும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் திறந்த சின்டெக்ஸில் இரண்டு நாள் ஆறவிடுகிறேன். அவசரத்துக்கு வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும், குளோரினை முறிக்கும் ஹைப்போவை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் போடலாம். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் பூமிக்கடியிலிருந்து வரும்போது பிராணவாயுவும் இராது. உயரத்திலிருந்து பூவாளி வழியாக விழவிடுங்கள். நிரம்பியதும் பம்பை ஓடவிட்டு, மீன் இருக்கும் டப்பில் புதுத் தண்ணீரைச் செம்பு செம்பாக அரைமணி நேரம் கலந்த பிறகே மீனை விடுங்கள். 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல் உப்பைக் கரைத்து ஊற்றுகிறேன், நைட்ரைட் ஏறினாலும் மீன் தாங்கும். அல்லியும் இந்த அளவைப் பொறுத்துக்கொள்கிறது.

அடுத்த இரண்டு நாள் பட்டினி, அதன்பின் ஒரு வாரம் சிட்டிகைத் தீனி. தண்ணீர் பால் கலந்தது போல மங்கலாகலாம். பயந்து மறுபடி இறைக்காதீர்கள், நாலைந்து நாளில் தெளியும். காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். மீன் மேலே வாய் பிளந்தால் தீனியை முற்றிலும் நிறுத்தி, அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சோதனை டப்பா ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும்.

கடையில் ஒருவர், "டேங்க் கிளீனர் மீன் ரெண்டு விடுங்க சார், கழுவவே வேண்டாம்" என்று எனக்கு விற்றார். அது பாசியைக் கொஞ்சம் தின்றது, அதைவிட அதிகமாகக் கழித்தது, ஓரடிக்கு வளர்ந்து நின்றது. ஏரியில் விட்டுவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் நம் ஏரிகளில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதால் விடவில்லை. இப்போதும் எங்கள் குளத்தில்தான் இருக்கிறது, பெரிய கழுவலில் பிடிப்பதற்குக் கடைசியாக நிற்கும் ஆளும் அதுதான்.

டிரம்மின் மூடியில் அழியாத பேனாவால் தேதி எழுதி வைக்கிறேன்: சாக்கு எப்போது, ஸ்பாஞ்சு எப்போது, செங்கல் எந்தப் பாதி. இல்லாவிட்டால் கை அரிக்கும்போதெல்லாம் திறந்துவிடுவேன். சில மாதம் வீட்டுக்காரி அதன்கீழ் ஒரு வரி சேர்த்திருப்பாள்: "போன வாரம்தான் கழுவினீங்க."