நெட்வொர்க் வழி லினக்ஸ் நிறுவல் பாதியில் நின்றால் எங்கே பார்ப்பது?

டிஎச்சிபி (மெஷினுக்கு ஐபி முகவரி தருவது), டிஎஃப்டிபி (பூட் கோப்புகளை அனுப்புவது) எல்லாம் ஓடுகின்றன, கிக்ஸ்டார்ட் கோப்பும் (நிறுவியின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்தது) தயார், ஆனால் மெஷின் மட்டும் நடுவழியில் நிற்கிறது என்பவர்களுக்காக இது. சர்வரை அமைப்பது எப்படி என்பதற்குள் போகவில்லை.

முதல் வேலை, மெஷின் திரையை முறைத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு சர்வரின் லாகைத் திறந்து வையுங்கள். யார் எதைக் கேட்டார்கள், அது கிடைத்ததா என்பது அங்கேதான் தெரியும். டிஎச்சிபிக்கு ஒன்று, டிஎஃப்டிபிக்கு ஒன்று என்று வைப்பதைவிட இரண்டையும் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் நிரல் ஒன்றே போதும் என்பது என் கட்சி. அதில் 'லாக்-டிஎச்சிபி' வரியைச் சேர்த்துவிட்டால் நடப்பதெல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக வந்து விழும்.

படி 1: கெர்னலே (லினக்ஸின் மைய நிரல்) வரவில்லை

திரையில் வரும் பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழி பூட் முறை) பிழை எண்ணைப் பாருங்கள். ஈ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. ஈ53 என்றால் முகவரி வந்தது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை. ஈ32 என்றால் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி பேசவில்லை. இடையில் ஃபயர்வால் இருந்தால் போர்ட் 69-ஐ மட்டும் திறந்து பயனில்லை. கேள்வி 69-க்குப் போகும், கோப்போ வேறொரு யுடிபி போர்ட்டிலிருந்து திரும்பி வரும்.

பழைய பயோஸ் மெஷினுக்கும் அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ மெஷினுக்கும் ஒரே பூட் கோப்பைக் கொடுக்காதீர்கள். டிஎச்சிபி ஆப்ஷன் 93-இல் மெஷின் தன் வகையைச் சொல்லும்: 0 என்றால் பயோஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள்.

படி 2: கெர்னல் வந்தது, கிக்ஸ்டார்ட் வரவில்லை

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இவ்வளவு நேரம் கோப்பெல்லாம் வந்ததே, நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஃபர்ம்வேர் (பயோஸ் அல்லது யுஇஎஃப்ஐ) வாங்கிய முகவரி பொதுவாகக் கெர்னலுக்குக் கைமாறுவதில்லை. கெர்னல் நெட்வொர்க் கார்டைப் புதிதாக எழுப்பி, மறுபடியும் டிஎச்சிபியிடம் போய் நிற்கும். ஆகவே லாகில் அதே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இரண்டாம் முறை கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறை வேறு ஐபி கிடைத்திருந்தால் அது கோளாறு அல்ல, விட்டுவிடலாம்.

கேட்கவே இல்லையா? டிரைவர் இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் ஸ்விட்சின் மேல் சந்தேகப்படுங்கள். கார்டு மறுபடி எழும்போது லிங்க் ஒருமுறை விழுந்து எழும். ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழல் உண்டாகாமல் தடுப்பது) ஓடும் ஸ்விட்ச், அந்த போர்ட்டை 15 நொடி, அப்புறம் இன்னொரு 15 நொடி நிறுத்தி வைத்துத்தான் போக்குவரத்தைத் திறக்கும். அதற்குள் நிறுவி பொறுமை இழந்துவிடும். லிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போட்டால் தீர்ந்தது. ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லையென்றால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்; டெபியனில் பூட் வரியில் 'நெட்சிஎஃப்ஜி/டிஎச்சிபி_டைம்அவுட்=60' என்று கொடுக்கலாம்.

இரண்டு மூன்று கார்டுகள் உள்ள மெஷினில், பூட் ஆன கார்டு ஒன்று, நிறுவி பிடித்த கார்டு வேறொன்று என்று ஆகிவிடும். பிஎக்ஸ்லினக்ஸ் (நெட்வொர்க் வழியே கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) அமைப்பில் 'ஐபிஅப்பெண்ட் 2' சேர்த்தால், எந்தக் கார்டு வழியே வந்தோம் என்பது 'பூட்இஃப்' என்ற பெயரில் கெர்னலுக்குப் போய்ச் சேரும்.

படி 3: கோப்பு வந்தும் கேள்வி கேட்கிறது

கிக்ஸ்டார்ட் என்றால் முன்கூட்டியே கேஎஸ்வேலிடேட்டர் என்ற சோதனை நிரலில் ஓட்டிவிடுங்கள். எழுத்துப்பிழைகள் அதிலேயே சிக்கும். வட்டின் பெயரை அது பார்க்காது. கோப்பில் எஸ்டிஏ என்று எழுதியிருந்து மெஷினில் என்விஎம்இ வட்டு இருந்தால் நிற்கத்தான் செய்யும். கிக்ஸ்டார்ட்டைப் படிக்கும் அனகோண்டா நிறுவியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் அழுத்தினால் ஷெல் கிடைக்கும், லாக் எல்லாம் டிஎம்பி கோப்புறையில். டெபியனில் ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தினால் லாக் தெரியும்.

டெபியன் ப்ரீசீடில் (டெபியனில் கிக்ஸ்டார்ட்டின் வேலையைச் செய்வது) மொழியையும் கீபோர்டையும் கேட்கிறதா? ப்ரீசீட் கோப்பு நெட்வொர்க் வழியாக வருவதற்கு முன்பே கேட்கப்படும் கேள்விகள் அவை. பூட் வரியில் 'ஆட்டோ=ட்ரூ' கொடுத்தால் கோப்பு வரும்வரை தள்ளிப்போடும். கெர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று சொன்னால், உங்கள் டிஎஃப்டிபி கோப்புறையில் இருக்கும் நெட்பூட் கோப்புகள் பழசாகிவிட்டன. புதிதாக இறக்கிப் போடுங்கள்.

பின்சேர்க்கை: உபுண்டு ஆட்டோஇன்ஸ்டால் (உபுண்டுவின் தானியங்கி நிறுவல் முறை) பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கிரப் பூட்லோடர் வழியே பூட் செய்தால், 'டிஎஸ்=நோகிளவுட்-நெட்' என்பதற்கு அடுத்து வரும் அரைப்புள்ளியைக் கிரப் கட்டளையின் முடிவாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வரும், பதில் கோப்புகள் இருக்கும் இடத்தின் முகவரி முழுவதும் காணாமல் போகும். அந்தப் பகுதியை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். முகவரியின் கடைசிச் சாய்கோட்டையும் விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் யூசர்-டேட்டாவோடு (பதில்கள் உள்ள கோப்பு) மெட்டா-டேட்டா கோப்பும் இருக்க வேண்டும், காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொருவருக்கு நிறுவல் நன்றாகவே முடிகிறது, ரீபூட் ஆனதும் மறுபடி முதலிலிருந்து நிறுவுகிறதாம். பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருப்பதால்தான். வட்டை முதலில் வையுங்கள், அல்லது நிறுவி முடித்த மெஷினின் மேக் முகவரிக்கு 'லோக்கல்பூட்' (வட்டிலிருந்தே பூட் ஆகு) சொல்லும் தனி அமைப்புக் கோப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். பிஎக்ஸ்லினக்ஸில் அந்தக் கோப்பின் பெயர் 01 என்று தொடங்க வேண்டும், அப்புறம் மேக் முகவரி: சின்ன எழுத்தில், நடுவில் முக்காற்புள்ளிக்குப் பதில் சிறுகோடு.