சின்ன சைஸ் ரூக்கி ரன்னிங் பேக்: எடுக்கலாமா, விடலாமா? நான் பார்க்கும் வரிசை

2023 ஆகஸ்டில் எங்கள் ஆபீஸ் ஃபேண்டஸி லீக்கில் (நிஜ அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை ஆளுக்கு ஆள் பிரித்து எடுத்து, அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி வாங்கும் விளையாட்டு) ஆள் எடுக்கும் கடைசிக்கு முந்தின ரவுண்டு. என் முறை வந்தபோது இரண்டு குட்டி ரூக்கி ரன்னிங் பேக்குகள் (முதல் வருடம் ஆடுகிற, பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதே முக்கிய வேலையான ஆட்கள்) மிச்சம் இருந்தார்கள். ஒருவர் மயாமி டால்பின்ஸின் டெவான் அச்சேன், இன்னொருவர் டாலஸ் கவ்பாய்ஸின் டியூஸ் வான். நான் வானை எடுத்தேன். 'வானையே பிடித்துவிட்டேன்' என்று வீட்டில் ஜோக் வேறு. அந்த சீசன் முழுக்க வான் 23 தடவை பந்தை வாங்கி ஓடி எடுத்தது 40 யார்டு. அச்சேன் மூன்றாவது வாரமே டென்வருக்கு எதிராக 203 யார்டு ஓடி, மொத்தம் 4 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டுவது) போட்டு, என் பக்கத்து சீட்காரருக்கு ஒரே நாளில் 51.3 புள்ளி கொடுத்தார். அந்த வாரம் நான் மோதியது அவரோடுதான்.

அதற்கப்புறம் ஒரு வரிசை வைத்துக்கொண்டுதான் இந்த மாதிரி ஆட்களைப் பார்க்கிறேன். டவுன் என்றால் என்ன, டிராஃப்ட் எப்படி நடக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உயரத்தை விடுங்கள், எடையைப் பாருங்கள்

குள்ளமாக இருப்பது வேறு, சின்னதாக இருப்பது வேறு. மாரிஸ் ஜோன்ஸ்-டிரூ 5 அடி 7 அங்குலம்தான், ஆனால் 208 பவுண்டு. 2011இல் 1,606 யார்டோடு லீக்கிலேயே அதிகம் ஓடியவர் அவர். அவரைப் போய் யாரும் சின்ன ஆள் என்று சொல்ல மாட்டார்கள், நடமாடும் குழவிக்கல். ஒரு சாதாரண என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) ரன்னிங் பேக் 210 பவுண்டுக்குப் பக்கத்தில் இருப்பார். 195க்குக் கீழே போனால்தான் இந்தக் கட்டுரைக்கே வேலை. கல்லூரி சைட்டில் போட்டிருக்கும் எடையை நம்பாதீர்கள், அதில் தாராளம் ஜாஸ்தி. இண்டியானாபொலிஸில் கம்பைன் (டிராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்களை அளந்து சோதிக்கும் நிகழ்ச்சி) நடக்கும்போது தராசில் ஏற்றி எடுக்கும் எடைதான் கணக்கு. அச்சேன் அங்கே 188, வான் 5 அடி 5 அங்குலத்தில் 179.

படி 2: ஓட்ட நேரம் (ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்)

40 யார்டு நேரத்தையும் எடையையும் சேர்த்து 'ஸ்பீடு ஸ்கோர்' என்று ஒரு கணக்கு உண்டு. எடையை 200ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 வந்தால் சராசரி. எக்செல்லில் ஒரே ஒரு ஃபார்முலா, போட்டுப் பாருங்கள். அச்சேன் 188 பவுண்டு, 4.32 விநாடி: கிட்டத்தட்ட 108 வரும். பிரமாதம். இப்போது 2014இல் கம்பைனையே அசத்திய டிரை ஆர்ச்சரைப் போடுங்கள், 173 பவுண்டு, 4.26 விநாடி: 105. அதுவும் பிரமாதம். ஆனால் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்றாவது ரவுண்டில் எடுத்த அந்த மனிதர் முதல் சீசனில் 10 தடவை ஓடி 40 யார்டு எடுத்தார், இரண்டாவது சீசன் முடிவதற்குள் டீமிலேயே இல்லை. சரி, 192 பவுண்டு, 4.55 விநாடி ஓடிய பக்கி இர்விங்? 90ஐக்கூடத் தொடவில்லை. அவர்தான் 2024இல் டாம்பா பே பக்கனீர்ஸில் ரூக்கியாக 1,122 யார்டு ஓடினார்.

வேகம் இருந்தால் நல்லதுதான், டிராஃப்டில் யாராவது எடுப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் பந்து கைக்கு வருமா என்பதை இந்த எண் சொல்லாது. நமக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

படி 3: என்எஃப்எல் டிராஃப்டில் எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள்? (நான் வழுக்கி விழுந்த இடம்)

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

வானைப் பிடிக்க எனக்குக் காரணங்கள் இருந்தன. கன்சாஸ் ஸ்டேட்டில் தொடர்ந்து இரண்டு வருடம் 1,400 யார்டுக்கு மேல். மூன்று சீசனில் 116 கேட்ச். அப்பா கவ்பாய்ஸில் ஸ்கவுட், டிராஃப்ட் அன்று மகனுக்கு அவரே போன் போட்டு 'வேலைக்கு வருகிறாயா' என்கிற மாதிரி பேசிய வீடியோவைப் பார்த்துக் கண் கலங்காதவர் குறைவு. போதாததற்கு ப்ரீசீசன் பயிற்சி ஆட்டத்தில் ஒரு டச்டவுன். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு பட்டனை அமுக்கினேன்.

நான் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு எண்: 212. ஆறாவது ரவுண்டில், 212ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அதாவது அவருடைய கல்லூரி ஆட்டத்தை என்னைவிட நூறு மடங்கு கூர்ந்து பார்த்த 32 டீம்களும், அப்பா வேலை பார்க்கிற டீம் உட்பட, 211 தடவை வேறு ஒருவரை எடுத்தார்கள். அச்சேன் மூன்றாவது ரவுண்டு, 84. ஆறாவது ரவுண்டு ஆளைப் பெஞ்சில் உட்கார வைத்தால் எந்தக் கோச்சையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்றாவது ரவுண்டு ஆளை உட்கார வைத்தால் முதலாளி கேட்பார்.

இதே சைஸில் பிழைத்தவர்களைப் பாருங்கள். டாரன் ஸ்புரோல்ஸ் 2005இல் 130ஆவது, டாரிக் கோஹன் 2017இல் 119ஆவது, இர்விங் 125ஆவது. மூவருமே நான்காவது ரவுண்டு. அதனால் நான் போட்டுக்கொண்ட கோடு: என்எஃப்எல் டிராஃப்டில் நான்காவது ரவுண்டு தாண்டினால் தொடுவதில்லை. யாருமே டிராஃப்டில் எடுக்காத பிலிப் லின்ட்சே 2018இல் டென்வருக்காக 1,037 யார்டு ஓடினாரே என்பீர்கள். ஓடினார். அந்த மாதிரி ஒருவர் வந்தால் சீசன் ஆரம்பித்தபின் வேவரில் (நம் லீக்கில் யாரும் எடுக்காத ஆட்களின் பட்டியல்) பிடித்துக்கொள்ளலாம். ஆர்ச்சரும் மூன்றாவது ரவுண்டுதானே என்றால், அதற்குத்தான் மிச்சப் படிகள்.

படி 4: உங்கள் லீக்கில் கேட்சுக்குப் புள்ளி உண்டா?

இதைப் பார்க்காமலேயே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது இதை எழுதின பிறகுதான் தெரிந்தது. ஸ்புரோல்ஸ் 2011இல் நியூ ஆர்லியன்ஸில் ஆடிய சீசனைப் போட்டுப் பாருங்கள்: ஓடியது 603 யார்டு, 2 டச்டவுன். பிடித்தது 86 கேட்ச், 710 யார்டு, 7 டச்டவுன். பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு என்று வைத்தால் 185.3. கேட்சுக்கு ஒரு புள்ளி சேர்த்தால் 271.3. அதே ஆள், அதே ஆட்டம், லீக் விதி மட்டும்தான் வேறு. கேட்சுக்குப் புள்ளி இல்லாத லீக் என்றால் குட்டி ஆட்களின் மதிப்பை இரண்டு மூன்று ரவுண்டு இறக்கிவிடுங்கள்.

கல்லூரியில் எத்தனை கேட்ச் என்பதோடு நிறுத்தாமல், எங்கே நின்று பிடித்தார் என்றும் பாருங்கள். ஸ்லாட்டில் (கேட்ச் பிடிக்கிற ஆட்கள் நிற்கும் உள்பக்க இடம்) போய் நின்று ரூட் (பாஸ் வாங்கத் திட்டமிட்டு ஓடும் பாதை) ஓடியிருந்தால் கூடுதல் மார்க். எல்லாமே ஸ்கிரீன் பாஸ் (பின்னாலேயே நின்று வாங்கும் குட்டிப் பாஸ்) என்றால் பாதி மார்க்.

படி 5: பிளாக் பண்ணுவாரா?

மூன்றாவது டவுன், எட்டு யார்டு வேண்டும். கேட்ச் பிடிக்கிற குட்டி ஆளுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அதே நேரத்தில்தான் 240 பவுண்டு எதிரணி லைன்பேக்கர் ஒருவர் நடுவில் பிளந்துகொண்டு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கி வருவார். அவரை நிறுத்தவோ, குறைந்தபட்சம் ஒரு விநாடி தாமதப்படுத்தவோ முடியாத ஆளை எந்தக் கோச்சும் உள்ளே விட மாட்டார். குவார்ட்டர்பேக் விழுந்தால் சீசனே போச்சு.

யூடியூபில் அவர் ஆடிய கல்லூரி மேட்ச் இரண்டைத் தேடுங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், முழு மேட்ச். மூன்றாவது டவுன் மட்டும் பாருங்கள். முதலில், அவர் களத்தில் இருக்கிறாரா? இருந்தால், பந்து வந்தவுடன் தலை எங்கே திரும்புகிறது? நல்ல பிளாக்கர் முதலில் நடுவைப் பார்த்து, அப்புறம் ஓரத்தைப் பார்ப்பார். குவார்ட்டர்பேக்குக்கு மிகக் கிட்ட வழி நடுவில்தான். கடைசியாக, மோதுகிறாரா, அல்லது எதிராளியின் காலில் விழுகிறாரா? காலில் விழுவது குட்டி ஆட்களின் பழக்கம், கல்லூரியில் செல்லும். என்எஃப்எல் லைன்பேக்கர் தாண்டிக் குதித்துவிட்டுப் போய்விடுவார்.

படி 6: முன்னால் யார், குவார்ட்டர்பேக் யார்

சுருக்கமாக. டீமில் அவருக்கு முன்னால் நிற்கிற ரன்னிங் பேக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மயாமியில் ரஹீம் மோஸ்டர்ட் 2023இல் 18 ரஷ்ஷிங் டச்டவுன் போட்ட பிறகும் அச்சேனுக்கு 103 கேரி (பந்தை வாங்கி ஓடும் வாய்ப்பு) கிடைத்தது, அதில் 800 யார்டு. டாம்பாவில் ரச்சாட் வைட்தான் ஸ்டார்ட்டர், போகப் போக இர்விங் முந்திவிட்டார். குவார்ட்டர்பேக் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக் நெருக்கடியில் தானே ஓடிவிடுவார். ஓடாதவர் பக்கத்தில் நிற்கிற ரன்னிங் பேக்குக்குத் தட்டிவிடுவார். ஸ்புரோல்ஸுக்கு அமைந்தது அப்படி ஓடாத டிரூ பிரீஸ்.

டூல்ஸ்

புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் போதும், இலவசம். சீசன் ஆரம்பித்தபின் ஸ்னாப் எண்ணிக்கையும் (எத்தனை முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோது களத்தில் இருந்தார் என்பது) அதிலேயே இருக்கும், யார்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். காசு கட்டிப் படிக்கும் சைட்டுகளில் பிளாக்கிங் மார்க் தருகிறார்கள், ஒரு வருடம் கட்டினேன், படி 5இல் நானே பார்த்ததைத் தாண்டி பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. லீக் நடத்த ஸ்லீப்பர் ஆப் எனக்குப் பிடிக்கும்.

அப்டேட்: கிக் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுவது) யார்டைச் சேர்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். லீக் செட்டிங்கில் பார்க்காமல் சேர்க்காதீர்கள், பெரும்பாலான லீக்கில் அதற்குப் புள்ளி கிடையாது. ஸ்புரோல்ஸ் 2011இல் எல்லாம் சேர்த்து 2,696 யார்டு என்று என்எஃப்எல் சாதனையே படைத்தார், அதில் பாதிக்கு மேல் ரிட்டர்னில் வந்தது. ஃபேண்டஸியில் அந்தப் பாதிக்கு சைபர்.

இன்னொரு அப்டேட்: அடிபடுவது பற்றி. அச்சேன் ரூக்கி வருடம் 11 மேட்ச்தான் ஆடினார், கோஹனுக்கு 2020இல் மூன்றாவது வாரமே முழங்கால் போனது. சின்ன ஆள் என்பதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், பெரிய ஆட்களும் விழுகிறார்கள். ஆனால் இப்படி ஒருவரை எடுத்தால் பெஞ்சில் இன்னொரு ரன்னிங் பேக் கட்டாயம் வைத்துக்கொள்கிறேன். அந்த இன்னொருவர் 215 பவுண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வீட்டில் போட்ட விதி.