குளியலறைக் கசிவு: உளியை எடுக்கும் முன் நாம் செய்யும் தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் மூன்று டைல்ஸ் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். கீழ் வீட்டுச் சமையலறைக் கூரையில் ஈரம் தெரிந்த அன்றே கொத்தனாரை அழைத்து, அதற்கு நேர் மேலே உடைக்கச் சொன்னேன். உடைத்த இடத்தில் குழாயே இல்லை. அதே நிற டைல்ஸும் கடையில் கிடைக்கவில்லை.

ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை என்று நம்புவது எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் தளத்தின் சரிவைப் பார்த்து ஓடும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரும், வயர் போகும் குழாய்க்குள் புகுந்து மின்விசிறிக் கொக்கியில் வந்து சொட்டும். (அப்படிச் சொட்டினால் ஆராய்ச்சியெல்லாம் பிறகு, முதலில் அந்த மின் இணைப்பை அணையுங்கள்.)

அதனால் எப்போது சொட்டுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால் தண்ணீர் வரும் குழாய்மீது சந்தேகப்படலாம். புழங்கிய பிறகு மட்டும் என்றால் கழிவுக் குழாய் அல்லது தரை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என்றால் மொட்டை மாடியையும் வெளிச்சுவரையும் பாருங்கள். வெளிச்சுவரில் கழிவுக் குழாயை ஒட்டி அரசங்கன்று முளைத்திருந்தால், அங்கே அதற்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பொருள். வேறு யார், நாம்தான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் கீழ் வீட்டு அக்கா. கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் 11.20, 11.40 என்று நேரம் குறித்து வைத்திருந்தார். "தம்பி, நீங்கள் குளித்தால் சொட்டுவதில்லை. மேலே துணி துவைத்தால்தான் சொட்டுகிறது" என்றார். விஷயம் அதில்தான் இருந்தது. சொம்பு சொம்பாக ஊற்றிக் குளிக்கும்போது தண்ணீர் உடனுக்குடன் வடிந்துவிடும். இரண்டு வாளி அலசிய தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால், பிளம்பர்கள் 'நானி ட்ராப்' என்று சொல்லும் தரை வடிகாலைச் சுற்றித் தேங்கும். அதன் விளிம்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே சிமெண்ட் உதிர்ந்து, விரல் நகம் நுழையுமளவு இடைவெளி இருந்தது.

எல்லாச் சோதனைகளையும் ஒரே நாளில் செய்வதும் வீண். வடிகால் வாயை ஈரத்துணியால் இறுக அடைத்து, தரையில் 1 அங்குலம் தண்ணீர் தேக்கி, மூன்று மணி நேரம் விடுங்கள். அப்போதே கீழே ஈரம் கூடினால் தரையிலோ வடிகால் விளிம்பிலோ கோளாறு. துணியை எடுத்துவிட்ட பிறகுதான் கூடுகிறது என்றால் அதற்குக் கீழே உள்ள குழாய். ஃப்ளஷ் தொட்டிக்கு மறுநாள்: நாலு சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது. இது தண்ணீரை வீணாக்கும்; கூரையை நனைக்காது.

வரும் குழாயைச் சோதிக்க, மேல்தொட்டியில் கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். பெரிய ஓட்டைக்கு அது சரி. 1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கவே ஏறக்குறைய 8 லிட்டர் போக வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் இணைப்பை இந்தக் கோடு காட்டிக்கொடுக்காது. அதைவிட, குளியலறைக்கான வால்வை இரண்டு நாள் மூடிவைத்து, வாளியில் தண்ணீர் கொண்டுபோய்ப் புழங்குங்கள். மெட்ரோ தண்ணீருக்கு ஒன்று, போர் தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு இணைப்புகள் இருந்தால் இரண்டையும் மூட வேண்டும். நம் பகுதியில் பலருக்கு மறந்துபோவது இதுதான். உப்பான போர் தண்ணீர் ஓடும் பழைய இரும்புக் குழாய்தான் பெரும்பாலும் முதலில் அரித்துப்போகும்.

தரைத்தள வீடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. ராயபுரம், காசிமேடு பக்கம் சுவரின் அடியில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தால், அது மண்ணிலிருந்து ஏறும் ஓதமாகவும் இருக்கலாம். அதற்காக மாடிவீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக, அவசரம். குளியலறைத் தளத்தைத் தாழ்த்திச் செங்கல் ஜல்லி நிரப்பியிருந்தால், அந்த நிரப்பு பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஓட்டையை அடைத்த பிறகும் சில நாள் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி உளியைத் தூக்குபவர்கள் உண்டு. ஈரம் காயும் முன்பே கீழே பெயிண்ட் அடிப்பவர்களும் உண்டு. அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும். எங்கள் வீட்டில் விளிம்பைச் சுரண்டி எபாக்சி பூசிய பிறகும் 9 நாள் சொட்டியது. அக்கா வீட்டுக் கூரைக்குத் தை பிறந்த பிறகுதான் வெள்ளையடித்தோம்.