மைக்கை நகர்த்துங்கள், கெயினைத் திருகாதீர்கள்: ஒலி, ஒளிபரப்பு படிக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரியை சார்ஜ் செய்யாமல் வருவது, மெமரி கார்டை வீட்டில் விட்டு வருவது, ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டதாக நினைத்துக்கொள்வது ஆகியவற்றைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. ஒருமுறை பட்டால் யாரும் மறக்காத தவறுகள் அவை. தொலைக்காட்சி, வானொலி, ஒலிப்பதிவு படிக்க வரும் ஒவ்வொரு அணியும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு. எடிட்டிங் மேஜையில் உட்காரும்வரை அவை தவறு என்றே தெரியாது. இந்தத் துறையில் இருக்கிற எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதான் அவை.

மைக் தூரத்தில், கெயின் உச்சத்தில்

அதிகம் இழக்க வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவதும் இதுதான்.

வகுப்பறையில் ஒரு பேட்டி. விளக்கு வைக்க ஒரு மணி நேரம், பின்னணியில் செடியை இடம் மாற்ற இருபது நிமிடம் போகிறது. ஒலிக்கு என்று யாரும் ஒதுக்கப்படவில்லை. கேமராவின் தலையில் ஒரு ஷாட்கன் மைக் (நேர் முன்னால் வரும் ஒலியை அதிகம் எடுக்கும் நீளக் குழாய் மைக்) இருக்கிறது. பேசுபவர் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். "ஏதாவது பேசுங்க சார், லெவல் பார்த்துக்கறோம்." மீட்டர் அசைவதே இல்லை. கெயினை, அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, திருகி ஏற்றுகிறார்கள். முள் மேலே வந்து −12 டெசிபலைத் தொடுகிறது. "ஓகே சார், ரோலிங்." எல்லாருக்கும் திருப்தி. அந்த நிமிடத்திலேயே பதிவு கெட்டுவிட்டது.

மீட்டர் காட்டுவது மொத்தச் சத்தத்தை. அதில் குரல் எவ்வளவு, சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலி எவ்வளவு, ஏசி இரைச்சல் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. வாயிலிருந்து நேராக மைக்குக்கு வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 25 செ.மீ. தூரத்தில் இருக்கும் மைக்கை 50 செ.மீ.க்குத் தள்ளினால் 6 டெசிபல் போகும். 1 மீட்டரில் 12, 2 மீட்டரில் 18. அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் எதிரொலியோ மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். இழந்த 18 டெசிபலை கெயினில் ஈடுகட்டினால் குரலோடு சேர்ந்து எதிரொலியும் இரைச்சலும் 18 டெசிபல் ஏறும். பேசுபவர் கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல் கேட்கும்.

"எடிட்டிங்ல பார்த்துக்கலாம்" என்ற பேச்சு இங்கேதான் வரும். ஏசி இரைச்சல்போல ஒரே சீராக ஓடும் சத்தத்தை மென்பொருளால் ஓரளவு குறைக்க முடியும். எதிரொலி அப்படிப்பட்டதல்ல. அது அந்தக் குரலேதான், கொஞ்சம் தாமதமாக, பல திசைகளிலிருந்து வந்து குரல் மேலேயே படிகிறது. அதை நீக்கும் கருவிகள் இப்போது நன்றாக வந்திருக்கின்றன. ஆனாலும் அளவு மீறி இழுத்தால் ச, ஸ போன்ற ஒலிகள் மழுங்கி, குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

தமிழில் பேசுபவரைப் பதிவு செய்யும்போது இன்னொரு இழப்பும் உண்டு. யார், எப்போது, எத்தனை பேர் என்பதெல்லாம் நம் சொற்களின் கடைசியில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றுக்கும் வித்தியாசம் கடைசி மெய்யெழுத்து மட்டும். பேசும்போது சொல்லின் முடிவில் குரல் இறங்கும். முந்தைய உயிரெழுத்தின் எதிரொலி அந்த மெல்லிய ஒலியின் மேல் போய் விழும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட உங்களுக்குப் புரிந்திருக்கும், ஏனென்றால் அவருடைய உதட்டைப் பார்த்தீர்கள். வானொலியில் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது.

ஷாட்கன் மைக் தூரத்துக் குரலை இழுத்துக்கொண்டு வரும் என்ற நம்பிக்கை இந்தத் தவறுக்கு வேர். கேமரா லென்ஸ் ஜூம் செய்வதுபோல அது எதையும் அருகில் கொண்டுவருவதில்லை. பக்கவாட்டில் வரும் ஒலியைக் குறைத்து எடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறைப்பும் எல்லா ஒலிக்கும் ஒன்றுபோல் இருக்காது. கீழ்ஸ்தாயி ஒலிகளை அதன் குழாயால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. திறந்தவெளியில் அருமையாக வேலை செய்யும் ஷாட்கன், தாழ்ந்த கூரையும் வெறும் சுவருமாக இருக்கும் அறைக்குள் எதிரொலியை விகாரமான நிறத்தில் எடுத்துக் கொடுக்கும். சின்ன அறைக்கு ஹைப்பர்கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும், குழாய் இல்லாத மைக்) நல்லது. அது இல்லையென்றால் காலர் மைக்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடலாம். அறைக்குள் போனதும் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் தொடர்ந்தால் வேறு அறை கேளுங்கள். திரைச்சீலை, புத்தக அலமாரி, சோபா உள்ள அறை காலி வகுப்பறையைவிட எப்போதும் மேல். வேறு அறை கிடைக்காவிட்டால் கேமரா பார்க்காத பக்கங்களில், பேசுபவரைச் சுற்றி, கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். தரையிலும் ஒன்று விரியுங்கள். பிறகு மின்விசிறி, ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜை அணைக்கும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் போட்டு வையுங்கள். கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது மைக். நீளக் கம்பின் நுனியில் மாட்டும் பூம் மைக்காக இருந்தால் தலைக்கு மேலே, சற்று முன்னால், வாயிலிருந்து 40 முதல் 60 செ.மீ.க்குள் வைத்து, வாயையோ நெஞ்சையோ நோக்கிச் சாயுங்கள். கேமராக்காரரிடம் ஃப்ரேமின் மேல் விளிம்பு எங்கே என்று கேட்டு, மைக்கை ஃப்ரேமுக்குள் தெரியும்வரை இறக்கி, பிறகு தெரியாத அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். காலர் மைக்காக இருந்தால் முகவாய்க்குக் கீழே ஒரு சாண், நெஞ்செலும்பின் மேல். கேபிளைச் சின்ன வளையமாகச் சுற்றி, துணிக்கு உள்பக்கம் டேப் ஒட்டுங்கள். கேபிள் இழுபட்டாலும் மைக் அசையாது. செயற்கைப்பட்டு, மொடமொடப்பான கஞ்சித் துணி இரண்டும் உரசல் சத்தம் தரும். தலையைத் திருப்பி, கையை ஆட்டிப் பேசச் சொல்லி ஹெட்ஃபோனில் கேளுங்கள். கெயினைத் தொடுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

கேமராவிலும் போனிலும் ஆட்டோ லெவல் இருந்தால் அணைத்துவிடுங்கள். பேசுபவர் யோசிக்க நிறுத்தும் இரண்டு செகண்டில் அது கெயினை ஏற்றி இரைச்சலை மேலே கொண்டுவரும். அவர் பேசத் தொடங்கியதும் அமுக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எடிட்டிங்கில் ஒழுங்காகப் பிரிக்க வழியில்லை.

இரண்டு பேர், இரண்டு மைக்

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கும் இடையே இருக்கட்டும். ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் விழும்போது ஒன்றில் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். பாதை 34 செ.மீ. அதிகமானால் தாமதம் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். இரண்டையும் சேர்த்தால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், அந்த இடத்து ஒலிகள் காணாமல் போகும். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கும். மைக்குகளைத் தனித்தனி டிராக்கில் எடுத்து, பேசாதவரின் டிராக்கை எடிட்டிங்கில் இறக்கிவிட்டால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

ஹெட்ஃபோன் இல்லாமல் ரெக்கார்டிங்

செய்யாதீர்கள்.

லெவலை 0 வரை தள்ளுவது

டேப் காலத்துப் பழக்கம் இது. டேப்பின் இரைச்சலை மறைக்க அப்போது சத்தமாகப் பதிவு செய்தார்கள். 24 பிட் டிஜிட்டல் பதிவில் அந்தத் தேவை இல்லை. பேச்சின் உச்சங்கள் −12 அருகில் இருந்தால் போதும். திடீரென்று ஒருவர் சிரித்தாலும் கத்தினாலும் இடம் இருக்கும். மீட்டரின் உச்ச எல்லையான 0ஐத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், வெட்டுப்பட்டது திரும்பாது.

விழா மேடையில் கன்சோலிலிருந்து கேபிள் வாங்குவது

கல்லூரி விழாவைப் பதிவு செய்யப் போகிறவர்கள் ஒலிபெருக்கிக்காரரிடம், அவர் எல்லா மைக்குகளையும் கலக்கும் கன்சோலிலிருந்து ஒரு அவுட்புட் கேட்டு ரெக்கார்டரில் செருகிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். இதில் இரண்டு பொறிகள்.

முதலாவது, கன்சோல் தருவது லைன் லெவல், மைக் தருவதைவிடப் பல மடங்கு வலுவான சிக்னல். ரெக்கார்டர் இன்புட் மைக் என்ற நிலையில் இருந்தால் எதிர்பார்ப்பதைவிட 40, 50 டெசிபல் அதிகமாக உள்ளே வரும். லெவலை இறக்கினால் மீட்டர் கீழே வரும், கரகரப்பு போகாது. முதல் பெருக்கியிலேயே வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு சின்னதாக்குகிறீர்கள், அவ்வளவுதான். இன்புட்டை லைன் நிலைக்கு மாற்றுங்கள், ஃபேன்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) 48 வோல்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு லெவல் வையுங்கள்.

இரண்டாவது பொறி கண்ணில் படாது. கன்சோலிலிருந்து வருவது அரங்கில் கேட்கும் ஒலி அல்ல, ஒலிபெருக்கிக்குப் போகும் ஒலி. தவில்போல இயல்பாகவே சத்தமான கருவிக்கு ஒலிபெருக்கியில் கொஞ்சமே தேவை என்பதால் உங்கள் பதிவில் அது எங்கோ தூரத்தில் கேட்கும். கைதட்டல் இருக்காது. பார்வையாளர் எழுந்து கேட்ட கேள்வி இருக்காது, பதில் மட்டும் இருக்கும். அரங்கை நோக்கி ஒரு மைக்கைத் தனி டிராக்கில் வையுங்கள்.

அறையின் மௌனத்தை எடுக்காமல் கிளம்புவது

எல்லாரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எந்த அறையிலும் முழு அமைதி கிடையாது. ஒரு தும்மலை வெட்டிய இடத்தில் இந்தத் துண்டை வைக்காவிட்டால் ஒலி சட்டென்று செத்துப் பிழைக்கும். விளக்குகளைக் கழற்றுவதற்கு முன்பே, அதே ஆட்கள் அதே இடத்தில் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

கிளாப் ஒருமுறை மட்டும் அடிப்பது

படத்தையும் ஒலியையும் எடிட்டிங்கில் பொருத்துவதற்காக அடிக்கும் தட்டல்தான் கிளாப். கேமராவும் ரெக்கார்டரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லிசெகண்ட் விலகும். செகண்டுக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். வித்தியாசம் இன்னும் அதிகமான மலிவுக் கருவிகளில் உதடும் ஒலியும் பிரிவது கண்ணுக்கே தெரியும். தொடக்கத்தில் ஒரு கிளாப், முடிவில் ஒரு கிளாப் இருந்தால் எவ்வளவு விலகியது என்று அளந்து சரிசெய்யலாம். இரண்டு கருவியிலும் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள்.

கார்டை அழிப்பது

வேறு வேறு டிஸ்க்கில் இரண்டு நகல் எடுத்து, இரண்டையும் ஓட்டிப் பார்க்கும்வரை அழிக்காதீர்கள்.

வானொலிக்குக் கட்டுரை எழுதுவது

தேர்வுத் தாளில் மதிப்பெண் வாங்கிய அதே நடையில் வானொலி ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. நடுவில் எச்சங்களை அடுக்க அடுக்க, கேட்பவர் எழுவாயைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். "கடந்த மாதம் பெய்த மழையால் உடைந்த கரையைச் சீரமைக்கக் கோரி மனு கொடுத்தும் நடவடிக்கை எடுக்கப்படாததால் மறியலில் ஈடுபட்ட கிராம மக்கள் கலைந்து சென்றனர்." படித்தால் புரியும், காதில் விழுந்தால் கலைந்ததா கூடியதா என்றே தெரியாது. "கரை உடைந்தது போன மாத மழையில். சீரமைக்கச் சொல்லி மக்கள் மனு கொடுத்தார்கள். யாரும் வரவில்லை. இன்று சாலையை மறித்தார்கள். பிறகு கலைந்து போனார்கள்." ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டு, எழுதும்போதே வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். தாள்களைப் பின் அடித்துச் சேர்க்க வேண்டாம். வாக்கியம் அடுத்த பக்கத்துக்கு ஓடக் கூடாது. புரட்டும் சத்தமும் புரட்டும் தயக்கமும் மைக்கில் விழும்.

பாட்டு 30 செகண்டுக்குள் என்றால் அனுமதி வேண்டாம்

அப்படி ஒரு விதி இல்லை.

ஏற்றுமதி செய்யும்போது சத்தத்தைக் கூட்டுவது

மற்றவர்கள் புராஜெக்ட்டைவிடத் தன்னுடையது சத்தமாகக் கேட்க வேண்டும் என்று கடைசியில் லிமிட்டரை (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) இறுக்குகிறார்கள். ஒளிபரப்பில் அதற்குப் பலன் இல்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010இல் கொண்டுவந்த ஆர் 128 பரிந்துரைப்படி, நிகழ்ச்சியின் சராசரி உரப்பு −23 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு), உச்சம் −1 டெசிபலுக்குள். அமெரிக்காவில் −24. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் ஒன்று திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் இறக்கிவிடுவார்கள். இறக்கும்போது, நீங்கள் நசுக்கிய நசுக்கல் மட்டும் மிஞ்சும். உங்கள் வேலை எங்கே போகிறதோ அந்த அமைப்பின் எண்ணை முதலில் கேட்டு வாங்கி, மீட்டரை அதற்கு வைத்து மிக்ஸ் செய்யுங்கள்.

லைவில் முன்னாலிருந்து நேரம் எண்ணுவது

நிகழ்ச்சி தொடங்கி எத்தனை நிமிடம் ஆனது என்பது லைவில் அவ்வளவாக உதவாது. முடிவிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். 29:30க்கு முடிய வேண்டும். நிறைவுரை 45 செகண்ட் என்றால் அது 28:45இல் தொடங்க வேண்டும். அதற்கு முன் வரும் பாட்டு 3:20 என்றால் 25:25இல் தொடங்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ரன்னிங் ஆர்டரின் (நிகழ்ச்சியின் வரிசைத் தாள்) ஓரத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். விருந்தினர் 25:10இல் புதிதாக ஒரு கதையைத் தொடங்கினால், அவரை நிறுத்த உங்களுக்கு இருப்பது 15 செகண்ட் என்று அந்த எண் சொல்லிவிடும்.