மூன்று வார சைக்கிள் ரேஸுக்கு யார் தாங்குவார்?

ஒரு மலையேற்றத்தில் ஜெயித்தவுடனே ஒருவரை "அடுத்த டூர் டி பிரான்ஸ் சாம்பியன்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு வார ரேஸ் வேறு, டூர் போல மூன்று வாரத்தில் 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) ஓட்டுவது வேறு. இளம் வீரர் யாரை எடைபோட்டாலும் நான் முதலில் தேடுவது மூன்றாவது வார முடிவுகளைத்தான். 2019-ல், ஸ்பெயினின் மூன்று வார ரேஸான வுவெல்டாவில், 20 வயது ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் 20-வது ஸ்டேஜில் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய் ஜெயித்தார். மொத்தத்தில் மூன்றாம் இடம். மற்றவர்கள் களைத்துப்போன நேரத்தில் அவருக்குத் தெம்பு மிச்சமிருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் சக்தியோடு மிதிக்கிறார் என்ற கணக்கு அவசியம். ஆனால் ஓய்வெடுத்த கால்களோடு 20 நிமிடம் மிதித்து எடுத்த எண்ணை மட்டும் நம்பவேண்டாம். நாலைந்து மணி நேரம் ஓட்டியபின், கடைசி ஏற்றத்தில் அதில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள்.

டைம் டிரையல் (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டிபோடும் ஸ்டேஜ்) பலமும் வேண்டும். 2023 டூரில், கொம்ப்ளூவில் முடிந்த ஒரே டைம் டிரையலில் டென்மார்க் வீரர் விங்கேகோ போகாச்சரை 1 நிமிடம் 38 விநாடி முந்தினார்.

ஒரு மோசமான நாளுக்காக யாரையும் ஒதுக்காதீர்கள்; மறுநாள் எப்படி ஓட்டினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இளைஞர்களுக்கான டூர் டி லாவெனிரையும் தவறவிடாதீர்கள். 2017-ல் கொலம்பிய வீரர் பெர்னால், 2018-ல் போகாச்சர் அதை ஜெயித்தார்கள். இருவருமே இரண்டு வருடத்தில் டூர் டி பிரான்ஸை வென்றார்கள்.