சரிவில் மினி டிராக்டரை இறக்கிப் புல் வெட்டுவது எப்படி

செங்குத்தான சரிவில் மினி டிராக்டரை வைத்துப் புல் வெட்டலாமா என்று கேட்டால், "எத்தனை டிகிரி?" என்றுதான் எல்லோரும் திருப்பிக் கேட்பார்கள். நல்ல கேள்விதான், ஆனால் அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. வண்டி குடை சாய்வது பெரும்பாலும் சரிவு ஒன்றினால் மட்டும் இல்லை. சரிவோடு இன்னொன்று வந்து சேர்கிறது: புல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குழி, பாதி மக்கிய மரக்கட்டை, அவசரத்தில் ஒடித்த ஸ்டீயரிங்.

சரி, முதலில் அளந்துவிடுங்கள். கண்ணை நம்பாதீர்கள், கீழிருந்து பார்த்தால் ஒரு மாதிரியும் மேலிருந்து பார்த்தால் வேறு மாதிரியும் தெரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் ஊன்றி, மேலே ரசமட்டம் வைத்து, பலகை மட்டமாகும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 18 செ.மீ. என்றால் சரிவு 10 டிகிரி, 27 செ.மீ. என்றால் 15, 36 செ.மீ. என்றால் 20. இந்த செ.மீ. எண்ணைத்தான் சதவீதமாகவும் சொல்வார்கள். 15 டிகிரியும் 27 சதவீதமும் ஒன்றுதான், 45 டிகிரி வந்தால்தான் 100 சதவீதம். இதைக் குழப்பிக்கொண்டு, கையேட்டில் சதவீதத்தில் போட்டிருக்கும் எண்ணை டிகிரி என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. உட்கார்ந்து ஓட்டும் சிறிய புல்வெட்டிகளுக்குப் பல கையேடுகளில் 15 டிகிரிதான் எல்லை. உங்கள் டிராக்டர் அவற்றைவிட உயரம், அதனால் அந்த எண்ணையே தாராளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

இப்போது அந்தப் பள்ளம் மேடு விஷயம். பின் சக்கரங்களுக்கு நடுவே 120 செ.மீ. இடைவெளி என்று வைப்போம். 15 டிகிரி சரிவில் குறுக்கே போகும்போது மேல்பக்கச் சக்கரம் 10 செ.மீ. உயரக் கல் ஒன்றில் ஏறினால் வண்டி கிட்டத்தட்ட இன்னும் 5 டிகிரி சாயும். அதே நேரத்தில் கீழ்பக்கச் சக்கரம் 10 செ.மீ. குழியில் இறங்கினால் இன்னொரு 5. நீங்கள் 15-ல் போவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், வண்டி 25-ல் நிற்கும். வேகமாகப் போனால் அந்த ஆட்டமே மீதி வேலையை முடித்துவிடும். ஆகவே வண்டியை எடுப்பதற்கு முன் முழு இடத்தையும் காலால் நடந்து பாருங்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும், புல்லைக் குத்திக் குத்திப் போய், குழி, கட்டை, எலி வளை தென்படும் இடங்களில் கலர் துணி கட்டிய குச்சி நடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இந்த முழு விஷயத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நாலு சக்கரம் இருக்கிறது, சாயாது என்ற தைரியமும் வேண்டாம். பெரும்பாலான டிராக்டர்களில் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு இரும்பு முளையில் தொங்குகிறது, மேடு பள்ளத்துக்கு ஏற்ப இப்படியும் அப்படியும் ஆடும். அதனால் வண்டி உண்மையில் முக்காலி போல நிற்கிறது: பின்னால் இரண்டு கால், முன்னால் நடுவில் ஒன்று. முன் அச்சு ஆடி ஆடித் தன் எல்லையில் போய் முட்டும்வரை முன் சக்கரங்களின் அகலம் பக்கவாட்டுச் சாய்வுக்கு உதவாது, முட்டும் நேரத்தில் பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். முன் லோடரோடு, அதாவது முன்னால் மாட்டும் மண் அள்ளும் பக்கெட்டோடு, சரிவில் புல் வெட்டக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். லோடர் எடையை முன்னுக்கு இழுக்கிறது, அதாவது அந்த மூன்று கால்களையும் இணைக்கும் முக்கோணம் குறுகும் பக்கம். தூக்கிவைத்தால் எடையை மேலேயும் ஏற்றுகிறது. கழற்றி வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் பக்கெட் காலியாக, தரையை ஒட்டி இருக்கட்டும்.

வண்டியை அகலமாக்குவதும், எடையைக் கீழே இறக்குவதும்தான் அடுத்த வேலை. பல மாடல்களில் பின் சக்கர ரிம்மைத் திருப்பி மாட்டினால் அகலம் கூடும், சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் ஸ்பேசரும் போடலாம். மாட்டிய பிறகு சக்கர போல்ட்டுகளைச் சில மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். பின் டயரில் தண்ணீர் நிரப்புவது பழைய வழி, இன்றும் நல்ல வழி. வால்வை மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தி, வால்வு மட்டம்வரை நிரப்பினால் டயரில் ஏறத்தாழ முக்கால் பாகம் நிறையும். லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பெரும்பகுதி தரைக்குப் பக்கத்தில். உறைபனி விழும் இடம் என்றால் வெறும் தண்ணீர் ஆகாது. கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, எடையும் கூடுதல், ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒரே காற்றழுத்தம் இருக்க வேண்டும். கீழ்பக்க டயரில் காற்று குறைவாக இருந்தால் அது நசுங்கியே உங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரியைக் கூட்டிவிடும்.

ரோல் பாரை, அதாவது வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காக்கும் இரும்பு வளைவை, தூக்கி நிறுத்தி, பூட்டும் பின்னைப் போடுங்கள், சீட் பெல்ட்டை மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. பெல்ட் இல்லாவிட்டால் வண்டி கவிழும்போது நீங்கள் வெளியே தூக்கி வீசப்பட்டு அந்த ரோல் பாருக்கே அடியில் மாட்டலாம். மரக்கிளைக்காக பாரை மடக்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது, ஆனால் பாரை மடக்கிய வண்டிக்குச் சரிவில் வேலையே இல்லை. ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. உங்கள் பழைய வண்டியில் அது இல்லையென்றால் சமதளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முறைக்கு வருவோம். செங்குத்தான இடத்தில் குறுக்கே போகாதீர்கள், மேலும் கீழுமாக நேராகப் போங்கள். என் விருப்பம், வெட்டிக்கொண்டே இறங்கி, சரிவு குறைந்த வேறு பாதையில் சுற்றி மேலே வருவது. டீசல் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும். ஏறும்போது முன்பக்கம் லேசாகிறது, பின்னால் தூக்கிவைத்த புல் வெட்டும் கட்டர் இன்னும் லேசாக்குகிறது, கிளட்சைப் படக்கென்று விட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும். ஒரு நொடிக்குள் நடந்து முடிகிற சங்கதி, பிரேக்கை மிதிக்க நேரம் இருக்காது. ஏறியே ஆக வேண்டிய இடம் என்றால் ரிவர்ஸில் ஏறுங்கள்.

இறங்குவதற்கு முன், மேலே சமதளத்திலேயே, ஃபோர் வீல் டிரைவையும் லோ ரேஞ்சையும் (மெதுவான கியர் வரிசை) போட்டுவிடுங்கள். பல மினி டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். இறங்கும்போது எடை முன்னால் போய்விடுவதால் லேசான பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். இடது வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். சரிவில் கியர் மாற்றாதீர்கள், கிளட்சை மிதித்துக்கொண்டு உருளவிடாதீர்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது) வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: ரேஞ்ச் லீவரை நடுச்சரிவில் நியூட்ரலுக்குத் தட்டினால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்து வண்டி கட்டவிழ்ந்து ஓடும். அடிவயிற்றில் புளியைக் கரைக்கும் அனுபவம் அது. சக்கரம் பூட்டி வழுக்க ஆரம்பித்தால் பிரேக்கை இன்னும் அழுத்துவதால் பயனில்லை. பிடியை லேசாக விட்டுச் சக்கரத்தை மறுபடி உருள வைத்து, ஸ்டீயரிங்கை நேராகக் கீழ்நோக்கிப் பிடியுங்கள்.

மிதமான சரிவில் குறுக்கே போக நேர்ந்தால், ஆள் நடக்கும் வேகம் போதும். பக்கவாட்டில் நீட்டும் கட்டர் என்றால் அது மேல்பக்கம் இருக்க வேண்டும். பின்னால் மாட்டும் கட்டரில் பக்கச் சங்கிலிகளை இறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கீழ்ப்பக்கம் ஊசலாடி வண்டியையும் சேர்த்து இழுக்கும். வண்டி சாய்வதுபோல் பட்டால் கீழ்நோக்கித் திருப்புங்கள். கை தானாக மேல்நோக்கித்தான் திருப்பப் பார்க்கும், அது தவறு. குதித்துத் தப்பிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், பெல்ட்டோடு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

ஓடை, வாய்க்கால் ஓரம் என்றால் கரை எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் தள்ளியே ஓட்டுங்கள், விளிம்பு மண் எடை தாங்காது. பனி ஈரத்தில் வேண்டவே வேண்டாம். வெட்டிக் காய்ந்து கிடக்கும் புல்லும் வழுக்கும், இது பலருக்குத் தெரிவதில்லை. எஞ்சின் ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீண்ட நேரம் சாய்ந்தே ஓடும் எஞ்சினுக்கு ஆயில் சரியாக ஏறாமல் போகலாம்.

இவ்வளவுக்கும் பிறகு டிராக்டர் போகக் கூடாத ஒரு துண்டு மிஞ்சும், எப்போதும் மிஞ்சும். அதை முதுகில் மாட்டும் பிரஷ் கட்டரால் வெட்டுங்கள். இடம் பெரிது என்றால் ரிமோட்டில் ஓடும் சரிவு வெட்டியை வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் நாலு ஆட்டைக் கட்டிவிடுங்கள். அங்கே புல்லே வேண்டாம் என்று முடிவெடுத்து, மண்ணைப் பிடிக்கும் தரைப்படர் செடியோ புதரோ நட்டுவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அந்தத் துண்டுக்கு வெட்டும் வேலையே இருக்காது.